இரண்டு நாள் ஐஸ்

மார்ச் 4

ஃபைபர் வேலைக்காரருக்கு,

இந்தக் கடிதம் என் தம்பிக்கு இல்லை. எங்கள் படகில் ஐஸ் பெட்டி கட்டித் தந்த ஆளுக்கு. ஆகவே நலம் விசாரிக்கப் போவதில்லை. போனிலேயே கேட்டிருக்கலாமே என்று உனக்குத் தோன்றும். உன் குரலைக் கேட்டால், நான்கு வருஷத்துக்கு முன் எல்லார் முன்னாலும் கத்தியதையே மறுபடியும் கத்திவிடுவேன். காகிதம் என்றால் கோபம் வரும்போது கிழித்துப் போடலாம். இதற்கு முன் மூன்று கிழித்தாயிற்று.

என் வீட்டுக்காரர் கடலோடு போனதிலிருந்து படகு காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறது. அதற்கு இரண்டு கூடை ஐஸ் போதும், பெட்டி எப்படி இருந்தால் என்ன என்று விட்டுவிட்டோம். இப்போது கரைக்குப் பக்கத்தில் வலையில் ஒன்றும் சிக்குவதில்லை. அவருடன் கூட வேலை செய்தவர்தான் இப்போது டிரைவர். நேற்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார். “அக்கா, நாலு நாள் கடல்ல தங்கிப் பிடிச்சாத்தான் இனி கட்டுப்படியாகும். ஆனா அந்தப் பெட்டிய நம்பி நான் போக மாட்டேன். ஒரு தடவை போய் வந்தது போதும்.”

அவர் சொல்வதில் தப்பில்லை. போன வாரம் பெட்டி நிறைய ஐஸ் போட்டு, படகைக் கரையிலேயே கட்டிவைத்துப் பார்த்தோம். இரண்டாம் நாள் சாயங்காலம் வெறும் தண்ணீர். அன்றைக்கு மாதிரியேதான்.

படகை விற்றுத் தலைமுழுகு என்கிறார்கள். மாட்டேன். அவர் கை பட்ட இடம் என்று எனக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். மே மாதத்துக்குள் பெட்டி சரியாகாவிட்டால் டிரைவர் வேறு படகுக்குப் போய்விடுவார். நீ கட்டியதை நீதான் அறிவாய். எப்படிப் பிரிப்பது, எப்படிச் சரிசெய்வது என்று எழுது. வரவேண்டாம். எழுதினால் போதும்.

இப்படிக்கு,
படகின் சொந்தக்காரி


மார்ச் 11

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்கப் பயந்து அரை நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

இப்போது குளிர்சாதன லாரிகளுக்குப் பெட்டி கட்டும் தொழிற்சாலையில் இருக்கிறேன். டயர் கடைக்கு மேலே ஓர் அறை. ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு சின்ன ஐஸ் பெட்டி. அந்தப் பெட்டியைப் பற்றி உங்களிடம் சொல்லியாக வேண்டும். நம் படகில் கட்டியது போலவே, குளிர் காக்கச் சுவருக்குள் ஊற்றும் அதே ஃபோம் கலவை, சுவருக்கு அதே கனம், மூடியும் அதே வெறும் கூடு, அளவில் மட்டும் சின்னதாக நானே செய்தது. எதில் தவறினேன் என்று கண்டுபிடிப்பதற்காக. நான்கு வருஷமாக அதில் ஐஸ் போட்டுப் பார்க்கிறேன். ஐந்து நாள் நிற்கிறது. வெயில் படும் ஜன்னலோரம் வைத்தாலும் நான்கு நாளுக்குக் குறையவில்லை. பெரிய பெட்டியில் அதைவிடக் கூடுதலாக நிற்கவேண்டும். பக்கத்து அறைக்காரர், “இவ்வளவு ஐஸை வச்சுகிட்டு என்னதான் தம்பி பண்றீங்க? குடிக்கிற பழக்கமும் இல்லையே” என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்.

அன்று காற்று அடங்கும்வரை மற்ற படகுகள் தீவுக்குப் பின்னால் ஒதுங்கி இரண்டு நாள் காத்திருந்தன. ஐஸ் தீர்ந்து மீன் கெடுகிறதே என்று அத்தான் மட்டும் படகைக் கிளப்பினார். வழியில் அலை அவரை அடித்துக்கொண்டு போய்விட்டது. படகு வந்தது, அவர் வரவில்லை. நீங்கள் என்னைப் பார்த்து, “உன் பெட்டிதான்டா அவரைக் கொன்னுச்சு” என்றீர்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எப்படிக் கொன்றது என்று எனக்குத் தெரியவேண்டும்.

பெட்டியின் உள்சுவரில் நான்கு பக்கமும், அடியிலும் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டித் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் ஃபோமைப் பிய்த்துப் பிழிந்து பாருங்கள். நன்றாக இருந்தால் காய்ந்து உதிரும். தண்ணீர் ஏறியிருந்தால் ஊறிய துணி மாதிரி கனக்கும். ஊறிய ஃபோம் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். எந்தச் சுவர், எந்த உயரம் என்று எழுதுங்கள். எனக்காக எதையும் மறைக்கவேண்டாம்.

தங்கள் தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

தங்கள், உங்கள், அவர்கள் என்றெல்லாம் எழுத நான் என்ன உன் கம்பெனி மேனேஜரா? மூக்கு ஒழுக என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அலைந்தவன்தானே நீ. கோபம் பாட்டுக்குக் கோபம் இருக்கட்டும், இந்த மரியாதை வேண்டாம்.

பெட்டியைத் திறந்தாயிற்று. டிரைவர் மெஷினை வைத்து அறுத்தார். அவர் தலையெல்லாம் வெள்ளைத் தூள், ஒரே நாளில் கிழவராகிவிட்டார். நானே உள்ளே இறங்கி உட்கார்ந்து பிழிந்து பார்த்தேன். பதினெட்டு வருஷம் தையல் மெஷினில் துணி ஓட்டிய கை, ஈரம் எது காய்ந்தது எது என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. முன்சுவர் காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது. இன்ஜின் பக்கத்துச் சுவரும் அப்படியே, வலப்பக்கமும் அப்படியே. மூடி உள்ளே வெறும் கூடு, தட்டினால் தகர டப்பா மாதிரி சத்தம் கேட்கிறது. இடப்பக்கச் சுவர்தான் மோசம். பிழியப் பிழியத் தண்ணீர் வருகிறது, மீன் நாற்றத்தோடு. அடிப்பக்கத்தில் அந்த ஓரம் மட்டும் ஈரம். அந்தச் சுவரிலும் மேலே ஒரு முழம் காய்ந்துதான் இருக்கிறது. சரியாகக் கேரியர் தாங்கிக்குக் கீழே ஈரம் தொடங்குகிறது.

அந்தத் தாங்கி உனக்குத் தெரியாது. நீ கட்டிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, அவர் போவதற்கு ஒரு வருஷம் முன்னால் போட்டது. நான் கொடுத்தனுப்பும் சாப்பாட்டுக் கேரியர் ஐஸ் மேல் உருண்டு, சோற்றில் மீன் தண்ணீர் கலந்துவிடும். மனுஷன் பட்டினியோடு வந்து நிற்பார். “என் தம்பி அவ்வளவு பெரிய பெட்டி கட்டிக் குடுத்திருக்கான், அதுல என் சோத்துக்கு ஒரு இடம் இல்லையா? சுவத்துல ஒரு தாங்கி போட்டா கை தேஞ்சா போயிடும்?” என்று பத்து நாள் அவரைப் பிய்த்து எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரும்புப் பட்டையை வளைத்து, நான்கு திருகாணி போட்டு முடுக்கிவிட்டு வந்தார். “இனிமே உன் சோறு நிமிர்ந்து நிக்கும், போதுமா தாயே?” என்றார். அதற்கப்புறம் ஒருநாளும் கேரியர் கவிழவில்லை.

அதைத் தொடாதே என்று டிரைவரிடம் சொல்லிவிட்டேன். சுற்றித்தான் வெட்டியிருக்கிறார்.

கேட்டதையெல்லாம் எழுதிவிட்டேன். இப்போது சொல், எங்கே தப்பு?


மார்ச் 28

அக்கா,

தப்பு தெரிந்துவிட்டது. என்னுடையதுதான். இடப்பக்கத்துக்கு ஊற்றும்போது கலவையில் ஒரு மருந்து குறைந்துபோயிருக்கிறது. அதனால் அந்தச் சுவரில் மட்டும் ஃபோம் இறுகாமல் தண்ணீரை இழுத்துக்கொண்டது. நீ அன்று சொன்னது சரி. இதைப் பற்றி இனிப் பேசவேண்டாம்.

வேலையைச் சொல்கிறேன். ஊறியதை ஒரு துண்டு விடாமல் சுரண்டி எடுத்துவிட்டு, பத்து நாள் திறந்துபோட்டுக் காயவை. அவசரப்படாதே. ஊற்றுகிற ஃபோம் இந்தத் தடவை வேண்டாம், கடையில் ஃபோம் பலகையாகவே கிடைக்கும். அதை இரண்டு அடுக்காக வை. முதல் அடுக்கின் இணைப்புக்கு நேராக இரண்டாவதின் இணைப்பு வரக்கூடாது. செங்கல் கட்டுகிற மாதிரி மாற்றி மாற்றி வரவேண்டும். இன்ஜின் பக்கச் சுவருக்கு மேலும் ஓர் அடுக்கு கொடு, சூடு அங்கிருந்துதான் வரும். மூடியின் கூட்டுக்குள்ளும் பலகை வைத்து அடை. மூடி உட்காரும் விளிம்பில் சுற்றிலும் ரப்பர் பட்டை ஒட்டு. தண்ணீர் வெளியேறும் குழாயை நேராக விடாமல், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்குமே, அந்த மாதிரி வளைத்து விடு. இல்லாவிட்டால் குளிர்காற்று முழுக்க அதன் வழியே இறங்கிப் போய்விடும். கடைசியில் உள்ளே முழுக்க ரெசின் பசை பூசிவிட வேண்டும்.

அந்தத் தாங்கியைக் கழற்றி வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள். பழைய இரும்பு, துருப்பிடித்திருக்கும், மீனுக்கு ஆகாது.

தம்பி


ஏப்ரல் 6

கடைசியில் ஒத்துக்கொண்டாய். நீ உன் வாயால் ஒத்துக்கொண்டால் என் மனசு ஆறிவிடும் என்று நான்கு வருஷமாக நம்பியிருந்தேன். கடிதத்தைப் படித்துவிட்டு, ஆறிவிட்டதா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாடிக்கையாளர் ரவிக்கையைக் கை மாற்றித் தைத்ததுதான் மிச்சம்.

வேலை நடக்கிறது. மூன்று சுவரும் மூடியும் முடிந்துவிட்டன. செங்கல் மாதிரி மாற்றித்தான் வைத்திருக்கிறோம். குழாயையும் வளைத்தாயிற்று. டிரைவர் உன்னைப் பற்றி, “ஆள் இல்லாட்டியும் அவர் எழுத்து வேலை வாங்குதுக்கா” என்கிறார். இடப்பக்கம் மட்டும் பாக்கி, அங்கே ஊறியதைச் சுரண்டிக் காயப்போட்டிருக்கிறோம், தாங்கி நிற்கும் துண்டை மட்டும் இன்னும் தொடவில்லை.

ஆனால் தாங்கியை எடுக்கச் சொல்ல நீ யார்? சுவரைப் பாழாக்கியவன் நீ, அதில் உருப்படியாக ஒன்று செய்தவர் அவர். உன் வேலை தோற்றது, அவருடையது இன்னும் ஆடாமல் நிற்கிறது. புதுச் சுவரிலும் அதே இடத்தில், அதே நான்கு திருகாணியில் அது நிற்கும். வரும் இருபதாம் தேதி நானே என் கையால் முடுக்கப் போகிறேன். இதில் உன் யோசனை எனக்கு வேண்டாம்.


ஏப்ரல் 13

அக்கா,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். இருபதாம் தேதிக்குள் கிடைக்கவேண்டும் என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டு அனுப்புகிறேன்.

திருகாணி மட்டும் வேண்டாம். தாங்கி அங்கேயே இருக்கட்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒட்டிக்கொள். பட்டையைச் சுவரில் வைத்து, அதன் மேல் கண்ணாடி நார்த் துணியை ரெசினில் நனைத்து மூன்று மடிப்பு ஒட்டினால் யானை தொங்கினாலும் வராது. ஆனால் அந்தச் சுவரில் ஊசி முனை அளவுகூட ஓட்டை விழக்கூடாது. என்னைத் திட்டு, என் முகத்தில் முழிக்காதே, எதையும் ஏற்றுக்கொள்கிறேன். நாளைக்கு அந்தப் பெட்டியை நம்பி நாலு நாள் கடலில் நிற்கப் போவது டிரைவர். அவருக்கும் வீட்டில் ஆள் காத்திருக்கிறார்கள். உன் காலில் விழுந்து கேட்கிறேன், ஏன் எதற்கு என்று கேட்காமல் இதை மட்டும் செய்.

தம்பி


ஏப்ரல் 19

தம்பி,

ஏன் என்று நான் கேட்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அப்புறம் தையல் மெஷினுக்கு வைத்திருக்கும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு படகுக்குப் போனேன். ஆள் யாரும் இல்லை. உள்ளே இறங்கி, தாங்கியின் கீழ்த் திருகாணி ஒன்றைக் கழற்றினேன். லேசில் வரவில்லை. வந்ததும் அந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் கசிந்தது. சொட்டு சொட்டாக, நிற்காமல். அதே மீன் நாற்றம். நான் கையை வைத்து அடைத்தேன். பைத்தியக்காரி மாதிரி விரலை வைத்து அடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கலவையில் மருந்து குறைந்தது என்று யாரிடம் கதை விடுகிறாய்? ஒரே வாளியில் கலக்கி, ஒரே நாளில் நான்கு சுவருக்கும் ஊற்றினாய். உனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தவள் நான்தான். பொங்கி மேலே வந்த ஃபோமைத் தொட்டுப் பார்த்து, “கேக்கு மாதிரி இருக்குடா” என்று சிரித்தவளும் நான்தான். மூன்று சுவர் நன்றாக இருந்து நாலாவது மட்டும் கெடுமா? இதை மார்ச் மாதமே நான் யோசித்திருக்க வேண்டும். உன்னைக் குற்றம் சொல்லும் அவசரத்தில் யோசிக்கவில்லை.

அந்த நான்கு ஓட்டை வழியாகத்தான் ஒரு வருஷம் ஐஸ் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அவர் போட்ட ஓட்டை. போடச் சொன்னவள் நான். பத்து நாள் விடாமல் சொன்னேன். அதையும் நானே விலாவாரியாக உனக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன், பெருமையாக. அதைப் படித்துவிட்டு நீ ‘என் தப்புதான்’ என்று பதில் போட்டிருக்கிறாய்.

என் வாய்தான் அவரைக் கொன்றது என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். எழுத முடிகிறது, திரும்பப் படிக்க முடியவில்லை. உன்னைச் சொன்னபோது மட்டும் எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. நீ தலையைக் குனிந்துகொண்டு சாமான் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாய். கூப்பிடவில்லை நான். அக்கா என்று இருந்த ஒருத்தி கூப்பிட்டிருக்கலாம் இல்லையா.

நான்கையும் கழற்றிவிட்டேன். தாங்கி வீட்டில், மெஷின் மேஜை மேல் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.


ஏப்ரல் 26

அக்கா,

நீ கண்டுபிடிக்கக் கூடாது என்றுதான் பொய் சொன்னேன். பொய் சொல்லத் தெரியாதவன் என்று சின்ன வயதிலேயே உன்னிடம் பேர் வாங்கியவன், இப்போது மட்டும் தெரிந்துவிடுமா?

உன்னிடம் ஒன்று ஒத்துக்கொள்ளவேண்டும். உன் மார்ச் மாதக் கடிதத்தில் ‘நான்கு திருகாணி’ என்று படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அறையில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். நான் இல்லை, என் வேலை இல்லை என்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டி, “லாட்டரி எதுவும் விழுந்துச்சா தம்பி?” என்றார். அப்புறம்தான் அந்த வரிக்கு மேலே இருந்ததை மறுபடி படித்தேன், நீ பத்து நாள் நச்சரித்ததை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சுவரில் ஓட்டை போடக்கூடாது என்று அத்தானிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை அக்கா. கட்டியவன் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்? வேலை முடிந்தது, மூடியைத் திறந்து காட்டினேன், கை கழுவிக்கொண்டு உன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். அதனால் நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. நீ அவர் பசியைப் பார்த்தாய். அவர் உன் முகத்தைப் பார்த்து அதைச் செய்தார். இதில் யாரைக் குற்றவாளி என்று பிடித்து நிறுத்துவாய்? எனக்குத் தெரியவில்லை. உன்னை நிறுத்த நான் விடமாட்டேன்.

இடப்பக்கத்தையும் மூடிவிடு. ரெசின் நன்றாகக் காய்ந்ததும் முழுக்க ஐஸ் போட்டு, தினமும் காலையில் ஒரு தடவை மட்டும் திறந்து பார். ஆறு நாள் நிற்கவேண்டும். நின்றதா என்று எழுது. என் அறையில் இருந்த சின்னப் பெட்டியைப் பக்கத்து அறைக்காரருக்கே கொடுத்துவிட்டேன். இனி அது எனக்கு எதற்கு?

தம்பி


மே 15

அன்புள்ள தம்பிக்கு,

சொன்னபடி வைத்துப் பார்த்தோம். முதல் நாள் போட்டது போலவே இருந்தது. இரண்டாம் நாள் மூடியைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. டிரைவர்தான் திறந்தார். மேலே கொஞ்சம் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். மூன்றாம் நாள், நாலாம் நாள் எல்லாம் அப்படியே. “ஐஸ் கம்பெனிக்காரனுக்கே இதக் காட்டக் கூடாதுக்கா, வயிறெரிவான்” என்றார் டிரைவர். எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த புதன்கிழமை அவர் கிளம்புகிறார்.

அவர் வீட்டுக்காரி நேற்று என் தையல் கடைக்கு வந்தாள். நாலு நாள் சாப்பாடு கொடுத்தனுப்ப வேண்டுமே, கேரியரை எங்கே வைப்பது, உருண்டுவிடாதா என்று கேட்டாள். என் தம்பி வந்து தாங்கி ஒட்டித் தருவான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். செவ்வாய்க்கிழமைக்குள் வந்துவிடு. பட்டையைத் துரு போகத் தேய்த்து வைத்திருக்கிறேன். ஓட்டை ஒன்றும் போடவேண்டாம், ஒட்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ போட்டுத் தருகிறேன்.

இன்று ஆறாம் நாள். காலையில் நான் தனியாகப் போய்த் திறந்தேன். ஐஸ் இருந்தது. அடியில் முழங்கை உயரத்துக்கு, கட்டி கட்டியாக. அதன் மேல் கையை வைத்து, விரல் மரத்துப் போகும்வரை வைத்திருந்தேன். ஆறு நாள்டா. அவருக்கு இன்னும் இரண்டு நாள் நின்றிருந்தால் போதும்.

அக்கா